இலை விலையும் நோட்டா பட்டனும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படகர் ஊரிலிருந்து, ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்ததாம். பசுந்தேயிலைக்குக் கட்டுபடியாகிற விலை வரவில்லை, எல்லாக் கட்சியும் தேர்தலுக்குத் தேர்தல் வந்து வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது, அதனால் இந்த முறை ஊரோடு ஓட்டுப் போடாமல் இருந்துவிடுவோம் என்று ஒரு பக்கம், இல்லை, பூத்துக்குப் போய் நோட்டாவை அழுத்துவோம் என்று இன்னொரு பக்கம். எது பலன் தரும், நோட்டா அதிகம் விழுந்தால் மறுதேர்தல் வருமா, யாருக்கும் ஓட்டில்லை என்று எழுதி வைக்கிற பழைய 49-ஓ இன்னும் இருக்கிறதா என்பதுதான் அவர் கேள்வி. பாட்டி வேறு இந்த முறை பூத்துக்கே வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறாராம், அதற்கு என்ன சொல்வது என்றும் கடைசியில் ஒரு வரி.

நான் இந்த மலையில் முப்பது வருடம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். தேர்தல் வந்தால் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். மை வைக்கிற வேலையிலிருந்து வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் வரை எல்லாம் பார்த்திருக்கிறேன். அதனால் சட்டத்தில் இருப்பதையும் சொல்கிறேன், பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததையும் சொல்கிறேன்.

முதலில் மறுதேர்தல் விஷயம், ஏனென்றால் இதை நம்பி நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வராது. உங்கள் தொகுதியில் ஒரு லட்சம் பேர் நோட்டாவை அழுத்தி, முதலில் வந்த வேட்பாளர் வெறும் ஐம்பதாயிரம் வாங்கியிருந்தாலும் அந்த ஐம்பதாயிரம் வாங்கியவர்தான் ஜெயித்தவர். டெபாசிட் கணக்கிலும் நோட்டா சேராது. வேட்பாளருக்கு டெபாசிட் திரும்பக் கிடைக்க, செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். அந்த மொத்தத்தைக் கூட்டும்போது நோட்டாவை விட்டுவிட்டுத்தான் கூட்டுவார்கள். 2024ல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் மனுவை வாபஸ் வாங்கிவிட்டு பா.ஜ.க.வுக்குப் போய்விட்டார். போக்கிடம் இல்லாத ஜனங்கள் 2,18,674 ஓட்டு நோட்டாவுக்குப் போட்டார்கள். இந்தியாவிலேயே அதுவரை இல்லாத எண்ணிக்கை. ஜெயித்தவர் பதினோரு லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்து டெல்லிக்குப் போனார். அதே வருடம் சூரத்தில் மற்றவர்களின் மனு எல்லாம் ஒன்று தள்ளுபடியானது அல்லது வாபஸ் ஆனது, மிச்சம் ஒரே ஒருவர். ஒருவர்தான் இருக்கிறார் என்றால் வாக்குப்பதிவே கிடையாது, போட்டியின்றித் தேர்வு. அங்கே நோட்டா அழுத்த மெஷினே வரவில்லை.

சரி, இப்படி ஒன்றும் செய்யாத பட்டனை எதற்கு வைத்தார்கள் என்று கேட்பீர்கள். அதற்கு 49-ஓ கதையைச் சொல்லியாக வேண்டும்.

1961ம் வருடத் தேர்தல் நடத்தும் விதிகளில் 49-ஓ என்று ஒன்று. ஓட்டுப் போட வந்தவர், 17-ஏ என்கிற வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபிறகு, எனக்கு யாருக்கும் போட விருப்பமில்லை என்று சொல்லலாம். தலைமை அலுவலர் அந்தப் பதிவுக்கு நேராகக் குறிப்பு எழுத வேண்டும், அதன் மேல் வந்தவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். படிக்கும்போது சரியாகத்தான் இருக்கும். 2011 சட்டமன்றத் தேர்தலில் என் பூத்துக்கு ஒருவர் வந்தார், எஸ்டேட்டில் வேலை, லைன் வீட்டுக்காரர், நாற்பது வயது இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு மெதுவாக, "சார், அந்த நாப்பத்தொம்பது" என்றார். சின்ன வகுப்பறை அது. எதிர் பெஞ்சில் நாலு கட்சி ஏஜென்ட் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பேனாவைத் திறந்து குறிப்பு எழுதத் தொடங்கியதும் நாலு பேரும் தலையை நீட்டிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் அவர் வேலை செய்கிற தோட்டத்தின் தொழிற்சங்கக்காரர். "என்னப்பா, யாரும் வேணாமா உனக்கு?" என்றார், சத்தம் போட்டுக்கூட இல்லை. அந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், "வேண்டாம் சார், நான் போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு மறைப்புக்குப் பின்னால் போய் எதையோ அழுத்திவிட்டு வந்தார். பீப் சத்தம் கேட்டது. வெளியே போகும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. அவர் அன்றைக்கு யாருக்குப் போட்டாரோ, அவர் நினைத்தது அது இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். இத்தனை வருடமாக அது மனதில் இருக்கிறது.

இந்தக் குறையைத்தான் மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2004லேயே உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிருந்தது. 2013 செப்டம்பர் 27ல் தீர்ப்பு. எழுதியது அப்போதைய தலைமை நீதிபதி பி. சதாசிவம், ஈரோடு மாவட்டத்துக்காரர். ஓட்டுப் போடுகிறவருக்கு ரகசியம் உண்டு என்றால் யாரும் வேண்டாம் என்கிறவருக்கும் அதே ரகசியம் வேண்டும், 49-ஓ அந்த ரகசியத்தை உடைக்கிற அளவுக்குச் செல்லாது, மெஷினிலேயே ஒரு பட்டன் வையுங்கள் என்றது தீர்ப்பு. நிராகரிப்பு அதிகமானால் கட்சிகள் நல்ல ஆளாகப் பார்த்து நிறுத்தும் என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது. தோற்றுப்போக வைக்கிற அதிகாரத்தைத் தீர்ப்பு தரவில்லை. என் பூத்தில் தலை குனிந்து போனாரே, அவர் தலை குனியாமல் போவதற்கு ஒரு வழி தந்தது, அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆகவே 49-ஓ பற்றி இனிமேல் யோசிக்காதீர்கள். ரகசியமாகச் சொல்ல பட்டன் இருக்கும்போது ஏஜென்ட் முன்னால் கைநாட்டு வைக்க என்ன அவசியம்?

தமிழ்நாட்டில் அந்த பட்டன் முதலில் வந்ததும் ஒரு மலையில்தான். 2013 டிசம்பரில் ஏற்காடு இடைத்தேர்தல், 4,431 பேர் அழுத்தினார்கள், இரண்டு பெரிய கட்சிக்கு அடுத்து மூன்றாவது இடம். அதற்கு ஐந்து மாதம் கழித்து நம் நீலகிரி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் முழுக்க இங்கேதான் இருக்கிறது. 2014 மக்களவைத் தேர்தலில் நாட்டிலேயே அதிக நோட்டா விழுந்த தொகுதி எது என்றால், நீலகிரி. 46,559 ஓட்டு. நாடு முழுக்க அந்தத் தேர்தலில் விழுந்தது சுமார் அறுபது லட்சம், நூற்றுக்கு ஒன்று சொச்சம். நம் தொகுதியில் நூற்றுக்கு ஐந்து. அ.தி.மு.க. கோபாலகிருஷ்ணன் 4,63,700, தி.மு.க. ஆ. ராசா 3,58,760, மூன்றாவது இடம் நோட்டா, அதற்கும் கீழே 37,702 வாங்கிய காங்கிரஸ். பத்து வருடம் முன்பு இந்தத் தொகுதியில் ஜெயித்த கட்சி அது.

அடுத்த நாள் டீக்கடையில் எல்லாரும் ஆளுக்கொரு விளக்கம். இலை விலைக்குக் கோபம் என்றார் ஒருவர். ராசா மேல் அப்போது 2ஜி வழக்கு விசாரணை நடந்துகொண்டிருந்தது (2017 டிசம்பரில் அவர் விடுதலையானார்), அதனால்தான் என்றார் இன்னொருவர். 2009லிருந்து இது தனித்தொகுதி, வெளியாளை நிறுத்துகிறார்கள் என்ற வருத்தம் என்றார் மூன்றாமவர். கூடலூர்க்காரர்கள் பட்டா இல்லாத கோபம் என்றார்கள். இன்னொன்றும் நடந்திருந்தது. பா.ஜ.க. வேட்பாளரின் மனுவோடு கட்சி அங்கீகாரப் படிவம் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை, மனு தள்ளுபடி. அந்தக் கூட்டணிக்கு நீலகிரியில் ஆளே இல்லை. 1998லும் 1999லும் மாஸ்டர் மாதன் பா.ஜ.க. சார்பில் இங்கே ஜெயித்திருக்கிறார், அவர்களுக்கு இங்கே ஓட்டு உண்டு. தாமரையைத் தேடி வந்து காணாமல் கடைசி பட்டனை அழுத்தியவர்கள் எத்தனை பேர்? 2019ல் நோட்டா பாதிக்கும் கீழே இறங்கியதைப் பார்த்தால் கணிசமான பேர் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. இன்னொன்றையும் மறக்கக்கூடாது, நீலகிரித் தொகுதி என்றால் மலை மட்டும் இல்லை. ஊட்டி, குன்னூர், கூடலூரோடு மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் எல்லாம் சேர்ந்துதான் தொகுதி. கீழே விசைத்தறிக்காரர் அழுத்தியதும் அந்த 46,559ல் இருக்கிறது.

நான் அன்றைக்கு ஒரு ஹட்டிப் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஒரு அம்மா, எழுபது வயதுக்கு மேல், வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார், மறைப்புக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. நாங்கள் உள்ளே போகக்கூடாது. பிறகு தலையை மட்டும் நீட்டி, கடைசியில் படமே இல்லாமல் ஒன்று இருக்கிறதே அது யாருடையது என்று கேட்டார். அப்போது நோட்டாவுக்குச் சின்னம் கிடையாது, ஓட்டுச்சீட்டின் மேல் கறுப்புக் குறுக்குக் கோடு போட்ட சின்னம் 2015ல்தான் வந்தது. அட்டையில் செய்த மாதிரி மெஷினைக் காட்டி, "அது யாருடையதும் இல்லைம்மா, யாரும் வேண்டாம் என்றால் அழுத்துவது" என்றேன். "யாருக்கும் சேராதா?" என்றார். சேராது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ எதுக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டார்.

தம்பி, நீங்கள் ஊர்க்கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். எதற்கு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? 2014ல் இந்தியாவிலேயே பெரிய நிராகரிப்பை நம் தொகுதி பதிவு செய்தது, அது இன்ன காரணத்துக்கு என்று ஒரு வரிகூட அதோடு போகவில்லை. அதனால் தோற்ற கட்சி ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டது, ஜெயித்த கட்சி ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டது, நிற்காத கட்சி அதெல்லாம் எங்கள் ஓட்டு என்றது. அதனால் இலை விலை ஒரு பைசா ஏறவில்லை.

காரணத்தைச் சேர்த்துச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணம். ஒன்று நமக்குக் கீழே, ஈரோடு பக்கம் மொடக்குறிச்சி. 1996 சட்டமன்றத் தேர்தலில் தங்கள் குறைகளை யாரும் கேட்கவில்லை என்று விவசாயிகள் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள், மொத்தம் 1,033 வேட்பாளர்கள். ஓட்டுச்சீட்டு புத்தகம் மாதிரி ஆகிவிட்டது, தேர்தலையே ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். நாடு முழுக்கப் பேச்சு. ஆனால் பிறகு நடந்தது என்ன? அதே வருடம் சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள், இப்போது 10,000. சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றும் ஆனது. கோரிக்கையைக் கவனிப்பதற்கு முன்னால் கதவைச் சாத்தினார்கள்.

இன்னொன்று தெலங்கானா நிஜாமாபாத், 2019. மஞ்சளுக்கு விலை வேண்டும், மஞ்சள் வாரியம் வேண்டும் என்று விவசாயிகள் டெபாசிட் கட்டி நின்றார்கள். மொத்தம் 185 வேட்பாளர்கள், அதில் ஏழெட்டுப் பேர் தவிர எல்லாரும் விவசாயிகள். ஒவ்வொரு பூத்திலும் பன்னிரண்டு பேலட் யூனிட்டை வரிசையாக வைக்க வேண்டியிருந்தது. அப்போதைய முதல்வரின் மகள் கவிதா சுமார் எழுபதாயிரம் ஓட்டில் தோற்றார். மஞ்சள் வாரியம் கொண்டுவருகிறேன் என்று எழுதிக் கொடுத்த பா.ஜ.க.காரர் ஜெயித்தார். உடனே வரவில்லை, விவசாயிகள் அவரையும் விடவில்லை, துரத்திக்கொண்டே இருந்தார்கள். 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் நிஜாமாபாத்திலேயே திறக்கப்பட்டது. ஆறு வருடம் ஆனது. ஆனால் எதற்காக என்று யாரும் டீக்கடையில் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

நீலகிரியில் இதை அப்படியே செய்ய முடியுமா என்றால், மக்களவைக்கு முடியாது. இது தனித்தொகுதி, பட்டியல் சாதியினர்தான் நிற்க முடியும், இலை விவசாயிகளில் பெரும்பாலோரான படகர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பவர்கள். கூடலூர் சட்டமன்றமும் தனித்தொகுதிதான். ஊட்டியிலும் குன்னூரிலும் நிற்கலாம். ஆனால் அங்கேதான் இன்னொரு சிக்கல், இதை நம் ஊர்களில் யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

இலை விலை யார் கையில் இருக்கிறது? உங்கள் அப்பா மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் எடை போடும்போது, ஈரம் என்றும் சாக்கு என்றும் கிலோக் கணக்கில் கழித்துக்கொள்கிற ஏஜென்ட் நம் கண்ணுக்குத் தெரிகிறார். அவருக்குப் பின்னால் தொழிற்சாலை, அதற்குப் பின்னால் குன்னூர் ஏலம், தூளின் சராசரி ஏல விலையை வைத்து மாதாமாதம் இலைக்கு இவ்வளவு என்று அறிவிக்கிற தேயிலை வாரியம். தேயிலை வாரியம் மத்திய அரசின் வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு வேண்டும் என்று நம் விவசாயிகள் வருடக்கணக்கில் கேட்கிறார்களே, அதற்கான விலாசம் டெல்லி. கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் இணையமான இன்ட்கோசர்வ் மாநில அரசின் கீழ் இருக்கிறது, அங்கே பாக்கி, எடைக் கழிவு என்று குறை இருந்தால் விலாசம் சென்னை. கூடலூரில் பிரிவு-17 நிலம், 1969ம் வருட ஜன்மம் (பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்திலிருந்து தொங்கிக்கொண்டிருக்கிற பிரச்சினை, அது மாநில அரசும் நீதிமன்றமும். அங்கே வீட்டில் மீட்டர் இருக்காது, பட்டா இருக்காது, ஆனால் ஒரு பிளாஸ்டிக் கவரில் ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் பத்திரமாக இருக்கும். அட்டையைக் கொடுத்து ஓட்டு வாங்கத் தெரிகிற அரசாங்கத்துக்கு, அதே வீட்டுக்கு ஒரு கரண்டுக் கம்பி இழுக்க ஐம்பது வருடம் போதவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆக, சட்டமன்றத் தேர்தலில் இலை விலைக்காக நோட்டா போட்டால் அது விலாசம் தப்பின கடிதம். எந்தத் தேர்தல், எந்தக் கோரிக்கை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது புறக்கணிப்பு. இத்தனை சதவீதம் விழுந்தால்தான் தேர்தல் செல்லும் என்று நம் சட்டத்தில் எங்கேயும் இல்லை. 2017ல் ஸ்ரீநகர் மக்களவை இடைத்தேர்தலில் விழுந்ததே நூற்றுக்கு ஏழு ஓட்டுதான், ஃபாரூக் அப்துல்லா எம்.பி. ஆனார். ஒரு பூத்தில் யாரும் வராவிட்டால் அந்த பூத்தின் கணக்கு பூஜ்யம், அவ்வளவே.

நான் அப்படி ஒரு பூத்தில் ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை. ரோடு கேட்டுப் புறக்கணிப்பு. காலையில் மாதிரி வாக்குப்பதிவு செய்ய வேண்டும், ஏஜென்ட் ஒருவரும் வரவில்லை, நேரம் பார்த்துக் காத்திருந்துவிட்டு நாங்களே ஐம்பது ஓட்டுப் போட்டு, அழித்து, சீல் வைத்தோம். ஏழு மணிக்குக் கதவு திறந்தால் எதிரே கல்கட்டின் மேல் முப்பது நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்து எங்களைப் பார்க்கிறார்கள். கோபம் இல்லை, சத்தம் இல்லை. பத்து மணிக்கு அவர்களே ஒரு பையனிடம் டீ கொடுத்தனுப்பினார்கள். மதியம் தாசில்தார் ஜீப்பில் வந்தார், மண்டல அலுவலர் வந்தார், பேசினார்கள். என்ன பேச முடியும்? தேர்தல் அறிவித்துவிட்டால் நடத்தை விதி அமலுக்கு வந்துவிடும், புதிதாக ரோடு போடுகிறேன் என்று எந்த அதிகாரியும் வாய் திறக்க முடியாது. "முடிந்ததும் பார்க்கலாம்" என்பதைத் தவிர அவர்களிடம் வேறு வார்த்தை இல்லை. மூன்று மணிக்கு மேல் அரசாங்க வேலையில் இருக்கிற ஒரு அம்மா, அவர் கணவர், இன்னும் இரண்டு பேர், குனிந்த தலையோடு வந்து போட்டுவிட்டுப் போனார்கள். கல்கட்டில் இருந்தவர்கள் அவர்களைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. ஆறு மணிக்கு குளோஸ் பட்டனை அழுத்தி, பதிவான ஓட்டுக் கணக்கு எழுதுகிற 17-சி படிவத்தில் 4 என்று எழுதினேன்.

அந்த ரோடு பிறகு வந்தது. கொண்டுவந்தது அந்த 4 இல்லை. அந்த ஊரில் இரண்டு பேர், ஒருவர் ரிட்டயர்டு போஸ்ட்மேன், திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு போனார்கள், போன மனுவின் எண்ணை அடுத்த மனுவில் எழுதிக்கொண்டு போனார்கள், வனத்துறையிடம் எந்த ஃபைல் எங்கே நிற்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதி வாங்கினார்கள். காஞ்சிபுரம் பக்கம் ஏகனாபுரத்தில் பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து 2024ல் ஏறக்குறைய ஊரே ஓட்டுப் போடாமல் இருந்தது. அதை நாடு கவனித்ததற்குக் காரணம், அதற்கு முன்னாலேயே நூற்றுக்கணக்கான நாள் தினமும் உட்கார்ந்து போராடி, எதற்கு என்பதை அவர்கள் ஊரறியச் செய்திருந்ததுதான்.

புறக்கணிப்பில் எனக்குப் பிடிக்காத இன்னொன்றும் உண்டு, ஊர்க்கட்டுப்பாடு. கூட்டத்தில் முடிவெடுத்துவிட்டு, போனால் தள்ளி வைப்போம் என்று யாரையாவது மிரட்டினால் அது தேர்தல் குற்றம், வழக்கு வரும். அதைவிட, வேலைக்குப் பயந்து அந்த நாலு பேர் தலை குனிந்து வந்தார்களே, உங்கள் ஊரிலும் அப்படி நாலு பேர் இருப்பார்கள். நோட்டாவில் அந்தத் தொல்லை இல்லை. வரிசையில் நிற்பவர் உள்ளே என்ன அழுத்தினார் என்று ஊருக்கும் தெரியாது, கட்சிக்கும் தெரியாது.

அப்படியென்றால் நோட்டாதான் என்கிறேனா? போடுவதென்றால் இப்படிப் போடுங்கள். வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் படிவம் 20 என்று ஒன்று தயாராகும். ஒவ்வொரு பூத்திலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை, நோட்டாவுக்கு எத்தனை என்று வரிசையாக இருக்கும், தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். தொகுதி மொத்தத்தைப் பத்திரிகைக்காரர்கள் பார்ப்பார்கள், கட்சிக்காரர்கள் இந்தப் படிவத்தைத்தான் பார்ப்பார்கள், பேனா வைத்து ஒவ்வொரு பூத்தாக. ஆறு சட்டமன்றத் தொகுதியில் சிதறிக் கிடக்கிற 46,559க்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் எழுநூறு ஓட்டு உள்ள உங்கள் ஹட்டி பூத்தில் முந்நூறு நோட்டா என்றால், அந்த ஊருக்குப் பொறுப்பான ஒன்றியச் செயலாளரை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். அந்த வரிக்கு அர்த்தம் கொடுக்கிற காகிதத்தை நீங்கள் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். தேர்தல் தேதி அறிவிப்பதற்கு மூன்று நாலு மாதம் முன்பே, விதி அமலுக்கு வருமுன், ஊர்த் தீர்மானமாக, இரண்டு பக்கத்துக்கு மிகாமல், இலைக்கு இவ்வளவு, எடைக் கழிவு நிற்க வேண்டும் என்று எண்ணோடு எழுதி, எம்.பி.க்கும், நிற்கப்போகிற எல்லாக் கட்சிக்கும், தேயிலை வாரியத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதில் எழுதிக் கொடுத்தவர் யார், கொடுக்காதவர் யார் என்று ஊர்ப் பலகையில் ஒட்டுங்கள். ஒருவராவது கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்டால் நிஜாமாபாத்காரர்கள் செய்தது போல அவருக்குப் போட்டுவிட்டு அந்தக் காகிதத்தோடு அவரைத் துரத்துங்கள், நோட்டாவைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஒருவரும் எழுதித் தராவிட்டால் நோட்டா. முடிவு வந்ததும் படிவம் 20ல் உங்கள் பூத் இருக்கிற பக்கத்தைத் தீர்மானத்தோடு இணைத்து ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் திரும்பவும் அனுப்புங்கள். பத்து ஹட்டி சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.

இதில் ஒரு பயமும் உண்டு, மறைக்க வேண்டாம். பூத் வாரியாகத் தெரிவதால் கோபப்பட்ட ஊரைப் பழிவாங்கவும் முடியும், அந்த ஊர் வேலையைக் கிடப்பில் போடவும் முடியும். அதனால்தான் பல பூத்துகளின் ஓட்டைக் கலந்து எண்ணுகிற டோட்டலைசர் கருவியைக் கொண்டுவரலாம் என்று தேர்தல் ஆணையம் 2008லேயே கேட்டது, மத்திய அரசு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பத்து ஹட்டி சேர வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

நோட்டா ஜெயித்தால் மறுதேர்தல் என்று சட்டமே மாறாதா என்றும் கேட்பீர்கள். கொலம்பியாவில் அப்படி இருக்கிறது, வெற்று ஓட்டு பாதிக்கு மேல் போனால் வேறு வேட்பாளர்களோடு திரும்பத் தேர்தல், 2011ல் பெய்யோ என்கிற ஊரில் மேயர் தேர்தலில் நிஜமாகவே நடந்தது. இங்கேயும் 2018ல் மகாராஷ்டிராவும் ஹரியானாவும் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் நோட்டாவை ஒரு வேட்பாளர் போலக் கணக்கில் எடுத்து, அது முதலில் வந்தால் மறுதேர்தல் என்று ஆக்கின. மக்களவைக்கும் அது வேண்டும் என்று ஒரு மனு உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 2024 ஏப்ரலில் தேர்தல் ஆணையத்துக்கு நோட்டீஸ் போனது. வரட்டும், வந்தால் நல்லது. அதுவரை இருப்பதை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

அப்புறம் பாட்டி. ஏன் வரமாட்டேன் என்கிறார் என்று முதலில் கேளுங்கள். கோபத்தில் சொல்கிறாரா, இல்லை ஏற்றத்தில் நடக்க முடியாமல் சொல்கிறாரா? நம் ஊர்களில் பாதிப் பாட்டிகளுக்கு முழங்கால்தான் காரணம், வாயில் அரசியலைச் சொல்வார்கள். 85 வயது ஆகிவிட்டது என்றால் வீட்டிலேயே தபால் ஓட்டுப் போடலாம், 12-டி படிவத்தைத் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும், உங்கள் பூத் அலுவலரே வீட்டுக்கு வந்து தருவார். அதிகாரிகள் வீட்டுக்கு வரும்போது அந்தச் சீட்டிலும் நோட்டா இருக்கும், மறைவாகத்தான் குறிக்க வேண்டும், நீங்களும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். 85 ஆகவில்லை என்றால், காலை ஏழு மணிக்கே, பனி விலகுமுன் கூட்டம் இருக்காது, ஜீப் ஏற்பாடு செய்து கூட்டிப் போங்கள். அன்றைக்கு அந்த அம்மா என்னிடம் கேட்டது மாதிரி ஒரு கேள்வியை உங்கள் பாட்டியும் கேட்டால், கையில் அந்தத் தீர்மானக் காகிதம் இருக்கட்டும், படித்துக் காட்டுங்கள்.